திரும்பிப் பார்க்கும் பிரெய்ரி நாய்க்குத் தமிழில் கேப்ஷன்

2007 ஜூனில் யூடியூபில் ஏறிய ஐந்து விநாடிக் காட்சி அது. எங்கோ பார்த்து நிற்கும் ஒரு குட்டிப் பிராணி சடாரென்று தலையைத் திருப்பும், கேமரா அதன் முகத்துக்குள் பாயும், பின்னணி இசை அதிரும். உலகம் அதற்கு ‘டிராமாட்டிக் சிப்மங்க்’ என்று பெயர் சூட்டிவிட்டது. உண்மையில் அது சிப்மங்க் அல்ல, பிரெய்ரி நாய். பிரெய்ரி நாயும் நாயல்ல, அணில் குடும்பத்துக் கொறிவிலங்கு. பெயரிலேயே இத்தனை குழப்பம் இருக்கும் விலங்குக்குத் தமிழில் கேப்ஷன் போடப் போனால் இன்னும் சில குழப்பங்கள் சேரும். அவற்றை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இந்தப் பதிவு. பூனை, நாய், குரங்கு என்று எந்த அசையும் ரியாக்‌ஷனுக்கும் இதே கணக்குதான்.

முதலில் எழுத்து, பிறகு மென்பொருள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் பளபளவென்று இருக்கும் மீம்கூடச் சிரிப்பை வரவழைக்காமல் போகிறது.

வடிவேலு டெம்ப்ளேட் என்றால் பாதி வேலை முன்பே முடிந்தது. முகத்தைப் பார்த்ததும் வசனம் தானாகக் காதில் விழும். நீங்கள் சூழலை மட்டும் மாற்றினால் போதும். விலங்குக்கு அந்த வசதி இல்லை. அதற்குத் தாய்மொழியும் கிடையாது, முன்கதையும் கிடையாது. அதனால் கேப்ஷன் சூழலை முழுசாகச் சொல்ல வேண்டும், ரியாக்‌ஷனை மட்டும் சொல்லவே கூடாது. திரும்பிப் பார்க்கிற வேலையைப் பிரெய்ரி நாய் பார்த்துக்கொள்ளும். அதன் தலைமேல் ‘அதிர்ச்சியில் நான்’ என்று எழுதுவது, ஜோக் சொல்லிவிட்டு ‘சிரிங்க’ என்று கேட்பது மாதிரி.

அடுத்தது, ஆங்கில மீமின் ‘வென் யூ’ வாக்கியம். அதை அப்படியே இறக்குமதி செய்தால் ‘நீங்கள் விடுமுறை என்று நினைக்கும்போது ஆனால் அது பழைய செய்தி என்று தெரியும்போது’ என்று ஒரு பிண்டம் வந்து நிற்கும். தமிழில் சூழலைச் சொல்ல ‘போது’ தேவையே இல்லை. நடந்ததைப் பேச்சுத்தமிழில் சொல்லி, முடிச்சை வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் வைத்தால் போதும்:

மழைக்கு லீவுன்னு வந்தது
போன வருஷ ஃபார்வர்டு

‘ஃபார்வர்டு’ என்ற சொல்லைப் படித்து முடிக்கும்போது தலை திரும்ப வேண்டும். தமிழில் முக்கியமான சொல் இயல்பாகவே கடைசியில் வரும் என்பதால் இந்த வகை மீமுக்கு நம் மொழி ஆங்கிலத்தைவிடத் தோது. இதே வரியைப் ‘போன வருஷ ஃபார்வர்டுதான் மழைக்கு லீவுன்னு வந்திருக்கு’ என்று மாற்றிப் பாருங்கள். சேதி அதேதான். ஆனால் குட்டு முதல் சொல்லிலேயே உடைந்துவிடுகிறது.

பேச்சுத்தமிழில் எழுதும்போது வட்டாரத்தைக் கலக்கக் கூடாது. ‘ஏனுங்க’ என்று ஆரம்பித்த பூனை இரண்டாம் வரியில் ‘இன்னாபா’ என்று கேட்டால் அது எந்த ஊர்ப் பூனை? மரியாதை விகுதியும் ஒரு கருவிதான். முறைத்துப் பார்க்கும் பூனை ‘சொல்லுங்க’ என்றால் வரும் சிரிப்பு, ‘சொல்லுடா’ என்றால் வருவதில்லை. முகத்துக்கும் விகுதிக்கும் உள்ள இடைவெளிதான் அங்கே வேலை செய்கிறது. எழுத்துக்கூட்டலில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ‘பாத்துட்டேன்’, ‘இருக்கு’ சரி. உச்சரிப்பை ஒலி மாறாமல் எழுதுகிறேன் என்று ‘வெச்சுர்ந்தாங்ளாம்’ வரைக்கும் போனால், வாசகர் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் விலங்கு மூன்று முறை திரும்பிவிடும்.

இனி நேரம். திரும்பத் திரும்ப ஓடும் அசைபடமான ஜிஃபுக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது. ஸ்க்ரோல் செய்து வருகிறவர் லூப்பின் நடுவில்தான் பெரும்பாலும் நுழைவார். அதனால் கேப்ஷன் எல்லா ஃப்ரேமிலும் இருக்க வேண்டும். பாதியில் தோன்றி மறையும் எழுத்து வீடியோவுக்குப் பொருந்தலாம், ஜிஃபுக்குப் பொருந்தாது. ஆட்டோபிளே அணைத்து வைத்திருப்பவர்களுக்கு முதல் ஃப்ரேம் மட்டுமே தெரியும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பிரெய்ரி நாய்க் காட்சியில் திருப்பம் சீக்கிரமே வந்துவிடும், இரண்டு வரியைப் படித்து முடிக்க நேரம் இருக்காது. வழி எளிது: முதல் ஃப்ரேமை 1.5 விநாடி நிறுத்துங்கள். ஜிஃபில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தனித்தனித் தாமதம் கொடுக்கலாம். ஒரே ஃப்ரேம் நீண்ட நேரம் நின்றாலும் ஃபைல் அளவு ஒரு பைட்கூட ஏறாது. அதேபோல் முகம் நெருங்கி வந்த கடைசி ஃப்ரேமை 1.2 விநாடி நிறுத்துங்கள். ஜிஃபுக்குச் சத்தம் கிடையாதே, அந்த அதிரடி இசை செய்த வேலையை இந்த நிறுத்தம்தான் செய்யும். நேரம் சரியா என்று பார்க்க, லூப் ஓடும்போதே கேப்ஷனை வாய்விட்டுப் படியுங்கள். திரும்புவதற்குள் ஒரு முறை, முழு லூப்புக்குள் இரண்டு முறை படிக்க முடிந்தால் சரி.

தாமதத்தின் அலகு விநாடியில் நூறில் ஒரு பங்கு. அதனால் விநாடிக்கு 10 ஃப்ரேம் (தாமதம் 10), 12.5 ஃப்ரேம் (8), 25 ஃப்ரேம் (4) ஆகியவை சுத்தமாக வகுபடும். 15 என்றால் 6.67 வரும், அது 6, 7 என்று மாறி மாறி விழுந்து அசைவு லேசாகத் தடுக்கும். வேகமாக ஓடட்டும் என்று தாமதத்தை 0 அல்லது 1 ஆக வைப்பது பழைய பொறி. உலாவிகள் அதை 10 ஆக மாற்றிக்கொள்ளும். பாயவேண்டிய பிராணி நடைப்பிணமாகத் திரும்பும்.

எழுத்தை எங்கே வைப்பது? ஆங்கிலத்தில் படத்தின் மேலேயே, கறுப்பு அவுட்லைனோடு வெள்ளை இம்பாக்ட் எழுத்து. இம்பாக்ட் ஃபாண்டில் தமிழ் எழுத்தே கிடையாது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தமிழில் தட்டினால் மென்பொருள் சத்தமில்லாமல் வேறொரு ஃபாண்டை எடுத்துக்கொள்ளும், அல்லது பெட்டி பெட்டியாகக் காட்டும். ‘இம்பாக்ட்தான் போட்டேன், ஏன் ஒல்லியாக வருகிறது’ என்பதற்குக் காரணம் இதுதான். கனமான தமிழ் ஃபாண்டுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பலூ தம்பி 2 உருண்டையாக, குறும்பாக இருக்கும். கேட்டமரன் ஒன்பது கனங்களில் வருகிறது, அதன் பிளாக் கனம் மீமுக்கு நன்றாக நிற்கும். முக்த மலர் கொஞ்சம் அடக்கமானது. நோட்டோ சான்ஸ் தமிழ் எதிலும் சொதப்பாது, சிரிக்கவும் செய்யாது.

படத்தின் மேல் எழுதுவதைவிட, படத்துக்கு மேலே வெள்ளைப் பட்டை ஒட்டி அதில் கறுப்பில் எழுதுவதே தமிழுக்கு நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. நம் எழுத்துகளில் சுழி அதிகம். ண, ணை, ஞ, ஜ, இ ஆகியவற்றின் சின்னச் சின்ன உள்வெளிகளைத் தடித்த அவுட்லைன் அடைத்துவிடும். ஈ, ஞ் போன்றவற்றில் புள்ளியும் உடலும் ஒட்டிக்கொள்ளும். பட்டை என்றால் அவுட்லைனே வேண்டாம். இன்னொரு லாபமும் உண்டு. ஜிஃபின் எல்இசட்டபிள்யூ சுருக்கமுறை ஒரே நிறம் வரிசையாக ஓடும் இடத்தை மிக மலிவாக அடக்கிவிடும், ஆகவே வெள்ளைப் பட்டை கிட்டத்தட்ட இலவசம்.

அளவுகளைப் போட்டுப் பார்ப்போம். பழைய காட்சி 320×240 அளவில்தான் இருக்கும். அதே அளவில் எழுதினால் எழுத்துக்குப் புள்ளிகள் போதாது, அதனால் ஒன்றரை மடங்காக்கி 480×360 ஆக்குங்கள். விலங்கு மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை, அந்த மங்கலுக்கும் ஒரு பழைய வாசனை உண்டு. எழுத்து 40 பிக்சல். தமிழில் மேலே கீ, கீழே கு என்று இரு பக்கமும் நீளும் என்பதால் வரி உயரம் 1.3 மடங்கு, அதாவது 52. இரண்டு வரிக்கு 104, மேலும் கீழும் 16 வீதம் ஓரம், ஆக 136. மொத்தப் படம் 480×496. உயரமும் அகலமும் இரட்டைப்படையாக இருக்கட்டும். பின்னால் எம்பி4 ஆக மாற்றும்போது ஒற்றைப்படை அளவை வழக்கமான எச்.264 வீடியோ சுருக்க அமைப்பு ஏற்காது. இடவலம் 16 ஓரம் போக எழுத்துக்குக் கிடைப்பது 448 பிக்சல், அதில் கனமான ஃபாண்டில் சுமார் 12 முதல் 14 எழுத்து அடங்கும். மேலே சொன்ன மழை லீவு வரி இடைவெளியோடு சேர்த்து 14, அடுத்தது 13. ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ மாதிரி ஒரே சொல் ஒரு வரியைத் தாண்டும் மொழி நம்முடையது. எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், சொல்லை மாற்றுங்கள்.

வரியை எங்கே உடைப்பது என்பதையும் மென்பொருளிடம் விடாதீர்கள். சில செயலிகள் மெய்யையும் உயிர்க்குறியையும் பிரித்து அடுத்த வரியின் தலையில் புள்ளி வட்டத்தோடு ஒரு கொம்பைத் தொங்கவிடும். எண்டர் தட்டி நீங்களே உடையுங்கள்.

இனி கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் செய்முறை. ஜிஃபைத் திறந்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு லேயராக வரும். அடுக்கில் அடியில் இருப்பதுதான் முதல் ஃப்ரேம். உடனே எழுதத் தொடங்காதீர்கள். அளவைக் குறைக்க, மாறிய பகுதியை மட்டும் சேமித்த ஃப்ரேம்கள் பல ஜிஃப்களில் இருக்கும்: காது மட்டும் ஒரு லேயர், மூக்கு மட்டும் இன்னொன்று. ஃபில்டர்ஸ், அனிமேஷன், அன்ஆப்டிமைஸ் என்று போனால் எல்லாம் முழு ஃப்ரேமாக விரிந்து புதிய படமாகத் திறக்கும். அதில் இமேஜ், மோட், ஆர்ஜிபி. இதை விட்டுவிட்டால் எழுத்தின் ஓரங்கள் விலங்கின் மயிர் நிறத்தில் இருக்கும் சில வண்ணங்களை மட்டுமே கடன் வாங்கி, பல் பல்லாக வெட்டுப்பட்டு வரும்.

அளவை 480×360 ஆக்கிவிட்டு, கேன்வாஸ் சைஸில் உயரம் 496, ஒய் ஆஃப்செட் 136 கொடுங்கள். லேயர்களை நீட்டும் தேர்வு ‘நன்’ என்றே இருக்கட்டும். இப்போது எல்லா ஃப்ரேமும் கீழே நிற்க, மேலே 136 பிக்சல் காலி. அடுக்கின் ஆக அடியில் 480×496 அளவில் ஒரு வெள்ளை லேயர் சேர்த்து, அதற்கு மேலிருக்கும் முதல் ஃப்ரேமை மெர்ஜ் டவுன் செய்யுங்கள். எழுத்தைத் தட்டி, அந்த டெக்ஸ்ட் லேயரை அடுக்கில் முதல் ஃப்ரேமுக்கு நேர் மேலே கொண்டுவந்து, அதையும் மெர்ஜ் டவுன் செய்யுங்கள். இணைக்காமல் விட்டால் கேப்ஷனே தனி ஃப்ரேமாகி, கண் சிமிட்டும் நேரம் மின்னிவிட்டுப் போய்விடும். புதிதாகச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் விழும் குழி இது.

முதல் ஃப்ரேமில் மட்டும் எழுதினால் மற்றவற்றில் எப்படித் தெரியும்? ஜிஃபில் அடுத்த ஃப்ரேமை முந்தையதன் மேல் அப்படியே அடுக்கும் முறை ஒன்று உண்டு, கிம்ப் அதைக் கம்பைன் என்கிறது. மற்ற ஃப்ரேம்கள் கீழ்ப்பகுதியை மட்டும் மூடுவதால் மேலே போட்ட பட்டை கலையாமல் நிற்கும். ஐம்பது முறை எழுத்தை நகலெடுத்து இணைக்கும் சிரமமும் இல்லை, அளவும் மிச்சம். ஆனால் அன்ஆப்டிமைஸ் செய்த லேயர்களின் பெயரில் பெரும்பாலும் ரீப்ளேஸ் என்று ஒட்டியிருக்கும். அப்படியே விட்டால் இரண்டாம் ஃப்ரேமிலேயே பட்டை காணாமல் போகும். எக்ஸ்போர்ட் பெட்டியில் டிஸ்போசலாக (ஃப்ரேம் மாறும் முறையாக) கம்பைனைத் தேர்ந்து, ‘மேலே கொடுத்த டிஸ்போசலையே எல்லா ஃப்ரேமுக்கும்’ என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். பக்கத்தில் தாமதத்துக்கும் அதே மாதிரி ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போடக் கூடாது. போட்டால் நீங்கள் வைத்த இரண்டு நிறுத்தங்களும் அழிந்துவிடும்.

அந்த நிறுத்தங்களை வைப்பது லேயரின் பெயரில்தான். பெயரின் முடிவில் அடைப்புக்குறிக்குள் எண்ணும், அதை ஒட்டி எம், எஸ் என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்தும் இருக்கும், அது மில்லிவிநாடி. அடி லேயரில் 1500, உச்சி லேயரில் 1200, மற்றவற்றில் 100. மெர்ஜ் செய்யும்போது பெயர் மாறிவிடும் என்பதால் இதைக் கடைசியில் செய்யுங்கள். சில மாற்றிகள் கடைசி ஃப்ரேமின் நீண்ட தாமதத்தை விழுங்கிவிடும். அதற்குப் பயந்தால் அந்த ஃப்ரேமை மூன்றாக நகலெடுத்து ஒவ்வொன்றுக்கும் 400 கொடுக்கலாம்.

எக்ஸ்போர்ட்டுக்கு முன் மீண்டும் இண்டெக்ஸ்ட் மோட். ஒரு பேலட்டில் (நிறப்பட்டியலில்) அதிகபட்சம் 256 நிறம்தான். பிரெய்ரி நாய் ஏறக்குறைய முழுக்கப் பழுப்பு, அதற்கு 128 போதும். டித்தரிங்கில், அதாவது இல்லாத நிறத்தைப் புள்ளிகளால் ஈடுகட்டும் முறையில், ஃபிளாய்ட்–ஸ்டெய்ன்பெர்க் என்பதை எடுத்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் புள்ளிகள் இடம் மாறி, மயிருக்குள் எறும்பு ஊர்வது போல இருக்கும், அளவும் எகிறும். பொசிஷண்ட் என்பதைத் தேர்ந்தால் புள்ளிகள் இடத்திலேயே நிற்கும். அப்படியும் ஃபைல் பெரிதாக இருந்தால் முதலில் நீளத்தில் கைவையுங்கள். 480×360 என்றால் சுருக்குமுன் ஒரு ஃப்ரேமுக்கு 1,72,800 பைட். ஐந்து விநாடிக்கு 50 ஃப்ரேம், ஏறக்குறைய 86 லட்சம் பைட். மூன்று விநாடியாக வெட்டினால் 52 லட்சத்துக்கு இறங்கிவிடும். சிரிப்புக்கு அந்த மூன்று விநாடி தாராளம்.

கட்டளை வரியில் வேலை செய்கிறவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோக் கருவி இருக்கிறது. அதில்தான் தமிழ் அதிகம் உடையும். யூனிகோடில் ‘கொ’ என்பது க, அதன்பின் ஒரு குறி என்றே சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுபோவது எழுத்தை வடிவமைக்கும் நிரலின் வேலை. எஃப்எஃப்எம்பெக் 6.1 பதிப்புக்கு முன், எழுத்தைப் பதியும் அதன் டிராடெக்ஸ்ட் பகுதியில் அந்த வடிவமைப்பு நிரலான ஹார்ஃப்பஸ் இல்லாமல் இருந்ததால் கொம்பும் காலும் தத்தம் இஷ்டத்துக்கு நிற்கும். பழைய பதிப்பு என்றால் வரியை ஏஎஸ்எஸ் சப்டைட்டில் ஃபைலாக எழுதி லிப்ஆஸ் என்ற சப்டைட்டில் நிரல் வழியாகப் பதியுங்கள், ஒழுங்காக வரும். பைத்தானின் பட நிரலான பில்லோவுக்கு லிப்ராக்ம் என்ற எழுத்து வடிவமைப்பு நிரல் சேர்ந்திருக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் டைப் அமைப்புக்குள் போய்த் தெற்காசிய எழுத்துக்கான டெக்ஸ்ட் என்ஜினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தக் கருவியானாலும் முதலில் ‘கோழிக்கொண்டை ஸ்ரீ’ என்று தட்டிப் பாருங்கள். இரட்டைக் கொம்பு, ஒற்றைக் கொம்பு, ஐகாரம், கூட்டெழுத்து நான்கும் அதில் வந்துவிடும். ஒன்று உடைந்தாலும் வேறு கருவி தேடுங்கள். பாமினி மாதிரிப் பழைய ஃபாண்டுக்கு மாற்றி ஒட்டுவது இன்னும் நடக்கிறது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருப்பதால் எதிலும் உடையாது. படத்துக்குள் உறையப்போகிற எழுத்துக்கு அதில் பெரிய குற்றமில்லை.

எஃப்எஃப்எம்பெக்கில் ஜிஃப் எடுக்கும்போது நிறப்பட்டியலை உருவாக்கும் பேலட்ஜென், அதைப் பயன்படுத்தும் பேலட்யூஸ் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். இல்லையென்றால் பொதுவான ஒரு நிறப்பட்டியல் விழுந்து பழுப்பு மயிர் அழுக்குப் பச்சையாகிவிடும்.

வாட்ஸாப் ஸ்டிக்கர் வேறு கணக்கு. 512×512 அளவில் வெப்பி (WebP) ஃபைல், அசைவது என்றால் 500 கேபிக்குள், 10 விநாடிக்குள். அரட்டையில் அது மிகச் சிறிதாகத்தான் தெரியும், பட்டைக்கு இடமே இல்லை. இரண்டு அல்லது மூன்று சொல், 70 பிக்சலுக்குக் குறையாமல், வேறு வழியில்லாமல் அவுட்லைனோடு. எழுத்து உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் அவுட்லைன் போனால் சுழிகள் அடைபடும். சில கைப்பேசிச் செயலிகள் அவுட்லைனை எழுத்தின் மேலேயே வரைந்து எழுத்தை இளைக்க வைக்கும். அதே வரியை இரண்டு அடுக்காக வைத்து, கீழே அவுட்லைனோடும் மேலே வெறும் வெள்ளையாகவும் போட்டால் தீர்ந்தது. கிம்ப் 3.0 முதல் எழுத்துக் கருவியிலேயே அவுட்லைன் இருக்கிறது.

சிவப்பிலும் நீலத்திலும் எழுத ஆசை வரும். வாட்ஸாப் ஜிஃபை உள்ளுக்குள் வீடியோவாக மாற்றித்தான் அனுப்புகிறது. வீடியோ சுருக்கத்தில் வெளிச்சத்தைவிட நிறத்துக்குப் பாதித் துல்லியம்தான் என்பதால் நிற எழுத்தின் ஓரம் கசியும். கறுப்பு, வெள்ளை கசியாது.

டெம்ப்ளேட் தேர்வில் ஒரு கண்டிப்பு. கைகளை உயர்த்திக் கூச்சத்தில் நெளிவது போன்ற, ஸ்லோ லோரிஸ் என்ற தேவாங்கு வகையின் வீடியோ ஒரு காலத்தில் எங்கும் சுற்றியது. அந்த இனத்துக்குக் கையை உயர்த்துவது தற்காப்பு. மேற்கையில் நச்சுச் சுரப்பி இருக்கிறது, அதை நாக்கில் எடுக்கத் தயாராகும் நிலை அது. நம் பக்கத்து ஒல்லித் தேவாங்கு அதன் உறவினம். அதற்காகவே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது. பல்லைக் காட்டும் சிம்பன்சியும் பல சமயம் சிரிப்பதில்லை, பயத்தில் இருக்கிறது. காது பின்னுக்கு மடங்கிய பூனையும் அப்படித்தான். திரும்பிப் பார்ப்பது, தூங்கி விழுவது, தட்டைக் கீழே தள்ளுவது என்று விலங்குகள் தாமாகச் செய்யும் கூத்தே தேவைக்கு மேல் கிடைக்கிறது.

பதிவேற்றும்போது ஆல்ட் டெக்ஸ்ட் (படத்தைச் சொல்லால் விவரிக்கும்) பெட்டி இருந்தால் நிரப்புங்கள். படத்துக்குள் உறைந்த எழுத்தை, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானால் பெரும்பாலும் படிக்க முடியாது. கேப்ஷனையும் அசைவையும் வரிசை மாறாமல் எழுதினால் போதும்: ‘மழைக்கு லீவுன்னு வந்தது போன வருஷ ஃபார்வர்டு. வேறெங்கோ பார்த்து நின்ற பிரெய்ரி நாய் சடாரென்று நம்மைத் திரும்பிப் பார்க்கிறது.’